மிளகளவு கல்லும் முன்கண்ணாடியின் விலையும்
நகர நிர்வாகத்தின் தமிழ் ஆலோசனை மாலையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



கோடைகாலத்தில் ஹம் நகரின் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழாவுக்குச் செல்லும் குடும்பங்கள் பலவும் ஏ 2 அதிவேக நெடுஞ்சாலையின் வழியாகவே செல்கின்றன. முன்னால் ஒரு பாரவூர்தி ஓடுகின்றது. திடீரென முன்கண்ணாடியில் "டக்" என்று ஓர் ஓசை. பார்த்தால் மிளகளவில் ஒரு வடு. "ஒன்றுமில்லை, சின்னக் கல்" என்று சாரதி கூறுகின்றார். தேர் பார்த்து, அர்ச்சனை செய்து, அன்னதானம் உண்டு, குடும்பம் வீடு திரும்புகின்றது. வடுவை எல்லோரும் மறந்துவிடுகின்றனர்.

ஆனால் வடு அவர்களை மறப்பதில்லை. மழைநீர் அதற்குள் இறங்குகின்றது. மார்கழியில் ஒரு காலை அந்த நீர் உறைகின்றது. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று சாரதி சூடேற்றியை முழுவேகத்தில் திருப்புகின்றார். கண்ணாடியின் உட்புறம் சூடாகின்றது. வெளிப்புறமோ உறைநிலையில் இருக்கின்றது. அந்த இழுவையில் மிளகளவு வடுவிலிருந்து ஒரு கீறல் புறப்பட்டு, கண்ணாடியின் குறுக்கே ஓடிவிடுகின்றது. திருத்தகத்தில் கிடைக்கும் மதிப்பீட்டில் ஆயிரம் யூரோவைத் தாண்டிய தொகை எழுதப்பட்டிருக்கின்றது. காரை வாங்கியதே மூவாயிரம் யூரோவுக்கு எனில், அந்தத் தாளைப் பார்க்கும் குடும்பத் தலைவரின் மனநிலையை விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு விலை எவ்வாறு வந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது விளங்கினால்தான் காப்புறுதிப் பத்திரத்தில் எந்த வரியைத் தேட வேண்டும் என்பதும் விளங்கும்.

முன்கண்ணாடி ஒற்றைத் தகடு அன்று. இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டி அமைக்கப்படுவது அது. பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ், உள்ளே செலுலோஸ் படலம் படிந்திருந்த குடுவையொன்று கீழே விழுந்தும் சிதறாமல் நின்றதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த காப்புரிமை 1909ஆம் ஆண்டுக்குரியது. கல் பட்டால் வெளித்தகடு மட்டுமே வடுப்படுவதும், விபத்தில் கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் முகத்தில் பாயாமல் படலத்தில் ஒட்டிநிற்பதும் இந்த அமைப்பினாலேயே. கண்ணாடி உடற்கூட்டுடன் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் அது வாகனத்தின் உறுதிக்கும் துணைநிற்கின்றது. பல வாகனங்களில் முன்பயணியின் காற்றுப்பை விரியும்போது முன்கண்ணாடியின்மீதே சாய்ந்து விரிகின்றது. பசை சரியாக இறுகாத கண்ணாடி அந்த வேகத்தைத் தாங்காது. ஆகவே, "இப்போதே எடுத்துச் செல்லலாமா?" என்று திருத்தகத்தை அவசரப்படுத்துவது தவறு. பசை இறுகுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டு, அதுவரை காத்திருப்பதே முறை.

இருபது ஆண்டுகளுக்கு முன் கதை இவ்வளவில் முடிந்தது. இன்று கண்ணாடியின் மேற்புறத்தில், உள்நோக்குக் கண்ணாடியின் பின்னால், ஒரு கமரா அமர்ந்திருக்கின்றது. வாகனம் தடம் விலகினால் எச்சரிப்பதும், முன்னால் ஆள் வந்தால் தானாகத் தடுப்பு அழுத்துவதும், வேக எல்லைப் பலகையை வாசிப்பதும் அதன் பணிகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 இலக்க ஒழுங்குவிதியின்படி 2022 யூலை 6 முதல் புதிய மாதிரிகளுக்கும், 2024 யூலை 7 முதல் புதிதாகப் பதிவு செய்யப்படும் கார்கள் அனைத்துக்கும் தானியங்கி அவசரத் தடுப்பும் தடங்காக்கும் உதவியும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. இன்று புதிதாக வாங்கப்படும் கார் சில ஆண்டுகளில் பழைய காராகச் சந்தைக்கு வரும். அப்போது கமரா இல்லாத காரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடியை மாற்றினால் கமராவின் பார்வைக் கோணம் நூலிழையளவு மாறக்கூடும். நூலிழைதானே என்று எண்ணலாகாது. கோணம் ஒரு பாகை பிசகினால், 50 மீற்றர் தொலைவில் அது ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர் பிசகாகிவிடும். நடைபாதையில் நிற்பவரைத் தெருவில் நிற்பவராகவோ, தெருவில் நிற்பவரை நடைபாதையில் நிற்பவராகவோ கமரா கருதுவதற்கு அது போதும். இதன் பொருட்டே கண்ணாடி மாற்றியபின் கமராவை மீளச் சீரமைக்கின்றனர். ஜேர்மன் மொழியில் இதனைக் கலிப்ரீருங் என்பர். சில வாகனங்களைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னால் அளந்த தொலைவில் குறிப்பலகையை வைத்துச் சீரமைக்க வேண்டும். சிலவற்றைக் குறித்த வேகத்தில் வீதியில் ஓட்டிச் சீரமைக்க வேண்டும். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். இதற்குத் தனிக் கருவியும் பயிற்சியும் இடமும் தேவைப்படுவதால், இந்த ஒரு வேலைக்கே நூற்றுக்கணக்கான யூரோ கேட்கப்படுவதுண்டு. மழை உணரி, சூடேற்றும் நுண்கம்பி, இரைச்சல் குறைக்கும் படலம், வேகத்தைக் கண்ணாடியிலேயே ஒளியால் காட்டும் வசதி ஆகியவை இருப்பின் கண்ணாடியின் விலையும் ஏறும். கடைசியாகச் சொன்ன வசதிக்குரிய கண்ணாடியில், எழுத்து இரட்டையாகத் தெரியாதிருப்பதற்காக நடுப்படலமே ஆப்பு வடிவில் அமைக்கப்படுகின்றது. அத்தகைய காருக்குச் சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் பணமும் போய் வசதியும் போகும்.

இனி, யார் பணம் கொடுப்பது?

ஜேர்மனியில் ஒவ்வொரு வாகனத்துக்கும் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது ஹாஃப்ட்பிளிஹ்ட் எனப்படும் பொறுப்புக் காப்புறுதி மட்டுமே. அது வாகன உரிமையாளரால் பிறருக்கு விளையும் சேதத்துக்குப் பணம் கொடுக்கும். அவரது சொந்தக் கண்ணாடிக்கு ஒரு சதமும் கொடுக்காது. "என் காருக்குக் காப்புறுதி இருக்கின்றது" என்று சொல்பவர்களில் பலருக்கு இருப்பது இதுவே. சொந்தக் கண்ணாடிக்குப் பணம் தருவது டைல்காஸ்கோ எனப்படும் பகுதிக் காப்புறுதி. தீ, திருட்டு, புயல், ஆலங்கட்டி மழை, வெள்ளம், காட்டு விலங்குடன் மோதல் ஆகியவற்றுடன் கண்ணாடி உடைவும் அதில் அடங்கும். கண்ணாடி எவ்வாறு உடைந்தது என்பது பொதுவாக இங்கு கேள்வியன்று. கல் பட்டாலும், யாரோ குறும்பாக அடித்து உடைத்தாலும், அது கண்ணாடி உடைவே. ஃபோல்காஸ்கோ எனப்படும் முழுக் காப்புறுதி உடையவர்களுக்கு டைல்காஸ்கோவும் அதனுள்ளேயே இருக்கின்றது.

இவ்விடத்தில் பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியுள்ளது. கண்ணாடிக்கு இழப்பீடு கேட்டால், விபத்தின்றி ஓட்டிய ஆண்டுகளுக்காகக் கிடைத்த கழிவு பறிபோகும் என்று அஞ்சிச் சிலர் கைப்பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். அந்தக் கழிவுப் படிநிலை ஹாஃப்ட்பிளிஹ்டுக்கும் ஃபோல்காஸ்கோவுக்கும் உரியது. டைல்காஸ்கோவில் அத்தகைய படிநிலையே கிடையாது. முழுக் காப்புறுதி உடையவரது கண்ணாடிச் சேதமும் பகுதிக் காப்புறுதியின் கணக்கிலேயே தீர்க்கப்படும், படிநிலை இறங்காது. எனினும், காப்புறுதி ஒப்பந்தச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, இழப்பீடு நிகழ்ந்தபின் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையை இரு தரப்புக்கும் வழங்குகின்றது. ஆண்டுக்கு ஆண்டு கண்ணாடி மாற்றுபவரை நிறுவனம் விலக்கிவிடலாம். விலக்கப்பட்டவர் வேறு நிறுவனத்தை நாடும்போது, முன்னைய ஒப்பந்தத்தை முடித்தவர் யார் என்ற கேள்வி எழும்.

செல்ப்ஸ்ட்பெடைலிகுங் எனப்படும் சுயபங்கு, பகுதிக் காப்புறுதியில் பெரும்பாலும் 150 யூரோ. கணக்கை எளிதாகப் பார்ப்பதற்கு, மாற்றுச் செலவு 1,200 யூரோ என்று வைத்துக்கொள்ளலாம். டைல்காஸ்கோ உடையவர் 150 யூரோ கொடுக்கின்றார்; இல்லாதவர் 1,200 யூரோ முழுவதையும் கொடுக்கின்றார். இனி, அதே வடுவைத் தொடக்கத்திலேயே பிசின் செலுத்தித் திருத்தியிருந்தால், பல நிறுவனங்கள் சுயபங்கையே கேட்பதில்லை. மாற்றுவதைவிடத் திருத்துவது அவர்களுக்கு மிகவும் மலிவு என்பதே காரணம். ஆக, தேர்த்திருவிழா முடிந்த வாரத்திலேயே சென்றிருந்தால் ஒரு சதமும் செலவாகாமல் முடிந்திருக்கக்கூடிய காரியம் அது.

ஆனால் எல்லா வடுவையும் திருத்த இயலாது. வடு 2 யூரோ நாணயத்தைவிடப் பெரிதாக இருக்கலாகாது. கண்ணாடியின் விளிம்புக்கு அண்மையில் இருக்கலாகாது. பத்து சென்ரிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும் என்பதே வழமையான அளவு. உள்தகடு பழுதுபட்டிருக்கலாகாது. சாரதியின் நேர்ப்பார்வைப் பகுதியில், அதாவது திசைமாற்றியின் நடுக்கோட்டை ஒட்டிய 29 சென்ரிமீற்றர் அகலப் பட்டையில், அது அமையக்கூடாது. திருத்திய இடத்தில் சிறு மங்கல் எஞ்சும் என்பதால், சாரதியின் கண்ணுக்கு நேரே திருத்துதல் ஜேர்மனியில் ஏற்கப்படுவதில்லை. திருத்தகத்துக்குச் செல்லும்வரை வடுவின்மேல் ஓர் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தால் அழுக்கும் நீரும் புகாது. பனி உருகக் கண்ணாடியில் சுடுநீர் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உள்ளது. வடு இல்லாத கண்ணாடிக்கே அது ஆகாது. தெளிவான பார்வைக்குச் சாரதியே பொறுப்பு என்று வீதிப் போக்குவரத்து ஒழுங்குவிதியின் 23ஆம் பிரிவு கூறுகின்றது. பார்வைப் பகுதியில் கீறலோடு ஈராண்டுப் பரிசோதனைக்குச் சென்றால் ஒட்டி கிடைக்காது திரும்ப நேரலாம்.

பாரவூர்தியின் உரிமையாளரிடம் கேட்க முடியாதா என்பது நியாயமான கேள்வியே. வீதியில் கிடந்த கல்லைச் சில்லு தெறித்திருந்தால், எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் தவிர்க்க இயலாத நிகழ்வு என்று மறுதரப்பு வாதிடும். வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கின்றது. மூடாமலும் கட்டாமலும் ஏற்றப்பட்ட சுமையிலிருந்து கல் விழுந்திருந்தால் நிலைமை வேறு. சுமையைப் பாதுகாப்பாக வைத்திருப்பது சாரதியின் கடமை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் கண்ணாடி உடைந்தவரே. இலக்கத்தகட்டின் இலக்கம், இடம், நேரம், உடன் வந்தவரின் சாட்சியம் ஆகியவை இருந்தால், 0800 250 2600 என்ற இலவசத் தொலைபேசி இலக்கத்தில் காப்புறுதியாளர்களின் மத்திய அழைப்பகத்தைத் தொடர்புகொண்டு, அந்த வாகனம் எந்த நிறுவனத்தில் காப்புறுதி செய்யப்பட்டுள்ளது என்பதை அறியலாம். உள்ளதைச் சொன்னால், இவ்வகை வழக்குகளில் வெல்வது அரிது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவற்றுள் முதலாவது, திருத்தகக் கட்டுப்பாடு. கட்டணம் சற்றுக் குறைவு என்பதற்காக, நிறுவனம் காட்டும் திருத்தகத்துக்கே செல்வதாகப் பலர் அறியாமலே ஒப்புக்கொண்டிருப்பர். அவர்கள் தெரிந்தவரின் கராஜுக்குச் சென்றால் இழப்பீட்டில் ஒரு பகுதி வெட்டப்படும். அடுத்தது, கண்ணாடி எனக் கருதப்படுவது எது என்ற வரையறை. ஜேர்மன் காப்புறுதியாளர் சங்கத்தின் மாதிரி நிபந்தனைகள், கமரா மற்றும் உதவித் தொகுதிகளின் கண்ணாடிப் பாகங்களைக் கண்ணாடியாகக் கொள்வதில்லை. கண்ணாடி உடைந்ததன் விளைவாக ஏற்படும் வேறு சேதங்களையும் ஏற்பதில்லை. துண்டுகள் இருக்கையின் தோலைக் கிழித்தால் அது உரிமையாளரின் செலவு. கமராச் சீரமைப்பு, மாற்று வேலையின் தேவையான பகுதி என்று பொதுவாக ஏற்கப்பட்டாலும், வேலை தொடங்குமுன் அதனை எழுத்தில் உறுதிசெய்துகொள்வது அறிவுடைமை. சேதத்தை ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பதும் அதே நிபந்தனைகளில் உள்ளது. குத்தகை வாகனமாயின், குத்தகை நிறுவனத்துக்கும் தெரிவித்தல் வேண்டும்.

விலை ஏறுவதற்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணமன்று. திருத்தும் வாய்ப்பு யாருக்கு உள்ளது என்பதும் காரணமாகும். கண்ணாடி மாற்றுவதில் பெயர்பெற்ற கார்கிளாஸ் நிறுவனமும், ஆ.டே.ஊ. என்ற திருத்தகச் சங்கிலியும் ஃபியட், அல்ஃபா ரோமியோ போன்ற கார்களின் தயாரிப்பாளரான எஃப்.சி.ஏ. இத்தாலி நிறுவனத்துக்கு எதிராகக் கொலோன் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. வாகனத்தின் கணினிக்குள் நுழைந்து வேலை செய்வதற்குத் தயாரிப்பாளர் ஒரு மின்னணு வாயிலை வைத்திருந்தார். சுயாதீனத் திருத்தகங்கள் முன்கூட்டியே பதிவுசெய்து, தயாரிப்பாளர் குறித்த வழங்கியுடன் இணையவழி தொடர்புகொண்டு, சந்தாவும் செலுத்தினால்தான் அந்த வாயில் திறக்கும். சீரமைப்பின்போது கணினிக்குள் எழுத வேண்டியிருப்பதால், வாயில் பூட்டியிருந்தால் சிறு திருத்தகம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். கொலோன் நீதிமன்றம் இதனை லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் அனுப்பியது. 2023 ஒக்டோபர் 5ஆம் திகதி, சி-296/22 இலக்க வழக்கில், 2018/858 இலக்க ஒழுங்குவிதியில் இல்லாத இத்தகைய நிபந்தனைகளைத் தயாரிப்பாளர் விதிக்க முடியாது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையத் தாக்குதலிலிருந்து வாகனத்தைக் காப்பதற்கே இப்பூட்டு என்ற வாதம் அந்த நிபந்தனைகளைக் காப்பாற்றவில்லை. பெரு நிறுவனங்கள் தமக்குள் நடத்திய வழக்குத்தான் இது. ஆயினும், அடுத்த தெருவிலுள்ள சிறிய திருத்தகம் இவ்வேலையைச் செய்ய இயலுமா, அல்லது தயாரிப்பாளரின் முகவரிடமே போய் அவர் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டுமா என்பது இத்தகைய தீர்ப்புகளில்தான் தங்கியிருக்கின்றது.

இதே வரிசையில், 2020 டிசம்பர் 2 முதல் நடைமுறையிலுள்ள வடிவமைப்புச் சட்டத்தின் 40அ பிரிவையும் குறிப்பிட வேண்டும். அதன்பின் பதிவுக்கு விண்ணப்பிக்கப்பட்ட வடிவமைப்புகளைப் பொறுத்தவரை, முன்கண்ணாடி போன்ற வெளிப்புற உதிரிப்பாகங்களைத் திருத்த வேலைக்காகப் பிற உற்பத்தியாளர்களும் விற்கலாம். தயாரிப்பாளரின் இலச்சினை இல்லாத கண்ணாடி என்பதனால் அது தரங்குறைந்தது என்று பொருளில்லை. கண்ணாடியின் மூலையில் வட்டத்துக்குள் ஈ என்ற இலத்தீன் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். ஒப்புதல் வழங்கிய நாட்டை அந்த எண் குறிக்கும். ஒன்று என்றிருந்தால் ஜேர்மனி.

இறுதியாக, அதிகக் கவனம் வேண்டிய விடயம் கையொப்பம்.

அங்காடிகளின் வாகனத் தரிப்பிடங்களில், "கண்ணாடியை இலவசமாகச் சோதிக்கின்றோம்" என்று அணுகுபவர்கள் உள்ளனர். வடுவைக் காட்டி, "உங்களுக்குச் செலவே இல்லை, காப்புறுதி கொடுக்கும், இங்கே ஒரு கையொப்பம்" என்கின்றனர். அந்தத் தாள் பெரும்பாலும் அப்ட்ரெட்டுங் எனப்படும் உரிமை மாற்றப் பத்திரம். இழப்பீடு கேட்கும் உரிமையைத் திருத்தகத்துக்கு அது மாற்றிக்கொடுக்கின்றது. நம்பகமான திருத்தகங்களும் இதனைப் பயன்படுத்துகின்றன. அது தன்னளவில் தவறானதன்று. ஆனால் நிறுவனம் முழுத்தொகையை ஏற்காவிட்டால் மிகுதியை யார் கொடுப்பது என்பது அதே தாளின் சிறிய எழுத்துகளில் இருக்கும். பெரும்பாலும் அது வாடிக்கையாளரே. வீட்டுக்குக் கொண்டுசென்று வாசித்துவிட்டு வருகின்றேன் என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை உண்டு. அதை மறுக்கும் இடத்தில் கையொப்பமிடாதிருப்பதே நன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்வதும் முறையன்று. பள்ளியில் நன்றாக ஜேர்மன் பேசும் பிள்ளைக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் சொற்கள் தெரியா. பின்னர் கட்டணக் கடிதம் வரும்போது அந்தப் பிள்ளை தன்னையே குற்றவாளியாக எண்ணி வருந்தும்.

மற்றொன்று, சுயபங்கைத் திருப்பித் தருகின்றோம் என்ற வாக்குறுதி. பகுதிக் காப்புறுதி உடைய வாடிக்கையாளர்களுக்கு ஆலங்கட்டி மழைச் சேதத் திருத்தத்தில் 150 யூரோ சலுகை தருவதாக விளம்பரம் செய்த திருத்தகத்தின் வழக்கில், கார்ல்ஸ்றூஹே கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 8ஆம் திகதி அந்த விளம்பரம் முறையற்ற வணிகச் செயல் என்று தீர்ப்பளித்தது. விலையில் சலுகை கிடைத்தால் அது காப்புறுதி நிறுவனத்துக்கும் சேர வேண்டியது. அதனை மறைத்துத் தானே வைத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளரைத் தூண்டலாகாது என்பதே அதன் சாரம். கண்ணாடிக்கும் இதே தருக்கம் பொருந்தும். பட்டியலில் முழுவிலையை எழுதிவிட்டு, மறைவாக 150 யூரோவைக் கையில் கொடுத்தால், வாடிக்கையாளரும் நிறுவனத்தை ஏமாற்றியவராகக் கருதப்படும் ஆபத்து உண்டு. ஏமாற்றுதல் குற்றவியல் சட்டத்தின் 263ஆம் பிரிவுக்குள் வரும். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவரின் குற்றப் பதிவுகள் ஆராயப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், 150 யூரோவுக்காக எதனைப் பணயம் வைக்கின்றோம் என்பது தெளிவாகும்.

நிறுவனம் பணம் தர மறுத்தால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அதன்பின்னும் தீர்வு கிட்டாவிடின் பேர்லினிலுள்ள காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். 2001 முதல் இயங்கும் இவ்வமைப்பு பொதுமக்களிடம் கட்டணம் பெறுவதில்லை. அதில் உறுப்பினரான நிறுவனத்தை 10,000 யூரோவரையான பிணக்குகளில் அதன் முடிவு கட்டுப்படுத்தும். முடிவு பிடிக்காத வாடிக்கையாளர் நீதிமன்றம் செல்லத் தடையில்லை. முன்கண்ணாடிப் பிணக்குகள் அநேகமாக இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். நுகர்வோர் ஆலோசனை நிலையங்களும் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ளன.

ஆலோசனை வேளைக்கு வருபவர்கள் காப்புறுதிப் பத்திரம், வாகனப் பதிவுத் தாள், சேதத்தின் ஒளிப்படம், திருத்தகம் கொடுத்த தாள்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் போதுமானது. கண்ணாடியை மாற்றுவோர் பச்சைநிறச் சூழல் ஒட்டியைப் புதிதாகப் பெற வேண்டும் என்பதை மறவாதிருத்தல் நலம். சுவிற்சர்லாந்தில் உறவினர் உள்ளவர்களின் கண்ணாடியில் அந்நாட்டு நெடுஞ்சாலை ஒட்டியும் இருக்கலாம். கழற்றி மீண்டும் ஒட்டினால் அது செல்லாது. பழைய ஒட்டியின் எச்சத்தையும் திருத்தகப் பட்டியலையும் பத்திரப்படுத்தி, மாற்று ஒட்டி கேட்க வேண்டும். 2023 ஓகஸ்ட் முதல் கிடைக்கும் மின்னணு அனுமதி, கண்ணாடியுடன் அன்றி இலக்கத்தகட்டுடன் இணைக்கப்படுவதால், அதை வாங்கியவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.